காலர் கூடத்துக்கு ஒரு குரல்செய்தி

கணவன் கிரிகோரே ஒயின் ஆலைக்குக் கிளம்பிப் போன கையோடு, வெத்தூரியா அடுக்களை மேசையில் வந்து உட்காருவாள். சர்க்கரை டப்பாவின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பாள். சற்றைக்கெல்லாம் அது அதிரும். ஊர்க் காசநோய் மையத்துச் செவிலி யுஸ்தினாவின் அகன்ற முகம் திரையை நிறைத்துக்கொண்டு வந்து நிற்கும்.

"அக்கா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. பாதி முகந்தான் தெரியுது."

"மீதிப் பாதியும் இதே அழகுதான் சிஸ்டர். புதுசா ஒண்ணும் இல்ல."

மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவாள். ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைத் திறந்து, நாக்கை மேலும் கீழும் புரட்டிக் காட்டுவாள். மறுமுனையில் யுஸ்தினா எட்டிப் பார்ப்பதுபோல முகத்தை முன்னே கொண்டுவருவாள், ஏதோ திரை வழியாகவே தொண்டைக்குள் இறங்கிவிடலாம் என்பதுபோல. "ஆச்சு, ஆச்சு. வயித்துல போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விடுவாள்.

அன்றைக்கு அவள் உடனே போகவில்லை.

"உங்க தையல் கம்பெனி ஆளுங்க என்னைப் பைத்தியமாக்கறாங்க அக்கா. மெசேஜ் அனுப்பறேன், எல்லாரும் படிக்கறாங்க, நீலக் கோடு விழுது. ஒருத்திகூட அந்த லிங்க்கைத் தொட மாட்டேங்கறா. மேற்பார்வைக்காரம்மா மட்டும் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போனாங்க. அதுவும் முதலாளி சொன்னதுக்காக."

வெத்தூரியா மாத்திரை உறையை மடித்து வைத்தாள். அந்தச் செய்தி அவளுடைய கைப்பேசிக்கும் வந்திருந்தது.

ஹூஷ் என்ற அந்த ஊரின் எல்லையில், இத்தாலியக் கடைகளுக்கு ஆண்கள் சட்டை தைக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதில் காலர் தைக்கும் கூடம் முழுக்கப் பெண்கள். வெத்தூரியா அங்கே ஆண்டுக்கணக்காக, தைத்த காலர்களின் முனையைக் கூராகத் திருப்பிவிடும் வேலை பார்த்தவள். கோடை முடியும் சமயத்தில் விடாத காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தாள். உடம்பு பாதியாகக் கரைந்தது. யாஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டார்கள்.

நோய் என்னவென்று தெரிந்ததும் கிரிகோரேதான் ஒரு பொய்யைச் சொன்னான். வாசலில் விசாரித்த முதல் ஆளிடமே, "இத்தாலி போயிருக்கா, மகளுக்குப் பிரசவம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். மகள் இலிங்கா இத்தாலியின் பாதுவாவில் இருந்தது உண்மை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததும் உண்மை. பொய்யில் முக்கால் பங்கு மெய்யாக இருந்ததால் அது நன்றாகவே நின்றுவிட்டது. காலர் கூடத்துப் பெண்கள் வைத்திருந்த கைப்பேசிக் குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. பேரனின் படங்களை மகளிடம் வாங்கி வெத்தூரியா அனுப்பினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "இங்க இன்னும் வெயில் அடிக்குது" என்றுகூட எழுதினாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தெருவுக்கு வராமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றினாள்.

உடன் வேலை செய்தவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று மையத்தில் சொன்னபோது, "செய்ங்க, என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது" என்றாள். வரவும் இல்லை. காலர் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே செய்தி போனது: 'நீங்கள் பணிபுரியும் இடத்தில் ஒருவருக்குக் காசநோய் கண்டறியப்பட்டுள்ளது. கிருமி உங்கள் உடம்பில் நோய் தராமல் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் அறியலாம். இலவசம். நாள் குறிக்க இங்கே தொடுங்கள்.'

"எனக்கே ஏன் அனுப்பினீங்க?" என்று ஒருநாள் கேட்டதற்கு யுஸ்தினா சொன்னாள்: "உங்களை மட்டும் விட்டா, யாருக்கு வரலைன்னு அவங்க கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிடுவாங்க அக்கா. நான் ரகசியம்னா ரகசியம்."

செய்தியோடு தலைநகரத்திலிருந்து வந்த ஒரு படமும் போயிருந்தது. கண்ணும் வாயும் வைத்த இளஞ்சிவப்பு நுரையீரல் ஒன்று, தனக்குள் போர்வை போர்த்தித் தூங்கும் கிருமியைக் காட்டி, எழுந்துகொள்ளும் முன்னே வாருங்கள் என்று கையாட்டிக் கூப்பிடும். காலர் கூடத்துக்கு அது ஒரு திருவிழாவாகப் போயிற்று. நுரையீரலுக்கு மீசை வரைந்தார்கள். முதலாளியின் தொப்பியை மாட்டினார்கள். 'இதுக்கு எந்த அளவுக் காலர் வெட்டறது?' என்று ஒருத்தி கேட்டாள். வெத்தூரியாவும் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுவைத்தாள். போடாவிட்டால் சந்தேகம் வருமே.

சிரிப்பு ஓய்ந்ததும் அந்தக் கேள்வி வந்தது. யார் அது?

மேற்பார்வைக்காரி ஒத்தீலியா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். வெத்தூரியா அப்போது கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டுக் குளிர்காலத்துக்குத் தொக்குக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டுப் பேசினாள்.

"என்னடி, இத்தாலிக்காரி! பேரன் எப்படி இருக்கான்? நீ அங்க போய்த் தப்பிச்ச. இங்க எல்லாருக்கும் பயம்."

"என்ன பயம்?"

"அதான், காசநோய்க்காரி யாருன்னு. வேற யாரு, புரோஃபிராதான். ஊருக்கே கேக்கற மாதிரி இருமறாளே. அவ மெஷினைக் கதவோரம் தள்ளிப் போட்டுட்டாங்க. நான் போடச் சொல்லல, அவளுங்களே இழுத்துட்டுப் போய்ப் போட்டாளுங்க. வேன்ல அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"அவ சிகரெட் குடிக்கறா. இருவது வருஷமா இருமறா, ஒத்தீலியாம்மா."

"நானும் அதைத்தான் சொன்னேன். சரி, என்னை மாதிரி நீயும் போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்து காட்டுடி, எல்லார் வாயும் அடைஞ்சிடும்னா, போகமாட்டாளாம். போனா, 'பாத்தியா, அவதான்'னு சொல்வீங்கன்னு சண்டைக்கு வர்றா. மத்தவளுங்களும் அதே பயத்துலதான் போகமாட்டேங்கறாளுங்க. முதல்ல போறவதான் நோயாளின்னு பேராயிடுமாம்."

"நீங்க போனீங்களே?"

"என்னை யாரு சந்தேகப்படுவா? உடம்பைப் பாத்தியா என் உடம்பை!" ஒத்தீலியா சிரித்தாள். பிறகு, "ஏண்டி, அங்க சர்ச் மணி நம்ம ஊர் மணி மாதிரியே அடிக்குதே?" என்றாள்.

"எல்லா ஊர்லயும் மணி அப்படித்தான் அடிக்கும்" என்று சொல்லி வெத்தூரியா பேச்சை முடித்துக்கொண்டாள். மறுபடி கிளறப் போனபோது தொக்கு அடிப்பிடித்திருந்தது.

புரோஃபிரா அவளுக்குச் சிநேகிதி அல்ல. வாய்த்துடுக்குக்காரி. கேட்டதைத் திருப்பிக் கொடுக்க மறப்பவள். ஒருமுறை கத்தரிக்கோல் விஷயத்தில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்து, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். ஆகவே வெத்தூரியா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்: நாலு நாள் பேசுவார்கள், பிறகு ஓய்ந்துவிடுவார்கள். அவள் வாய்க்கு அவளே சமாளிப்பாள்.

மறுநாள் காலை மாத்திரைகளை விழுங்கி வாயைக் காட்டிய பிறகு, யுஸ்தினாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "நீங்க ஒரு மெசேஜ் போடுங்க சிஸ்டர். அந்த ஆளு புரோஃபிரா இல்லைன்னு."

"எப்படிப் போடறது அக்கா? ஒருத்தர் இல்லைன்னு சொன்னா, அடுத்தவளைப் பத்திக் கேப்பாங்க. அவளும் இல்லைன்னா அதுக்கடுத்தவ. கடைசியில மிஞ்சறது நீங்கதான்." யுஸ்தினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "யாருன்னு சொல்ல எனக்குச் சட்டம் இடம் குடுக்காது. உங்களைச் சொல்லச் சொல்லவும் மாட்டேன். அது உங்க உடம்பு, உங்க விஷயம்."

"அப்ப அவ கதி?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். மெசேஜ் எழுதினப்ப இதை நான் நினைச்சே பாக்கல. பேரை மறைச்சா போதும்னு இருந்துட்டேன்."

அதற்கடுத்த வாரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரிகோரே நனைந்த சட்டையோடு வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "புரோஃபிராவைப் பாத்தேன். கம்பெனியிலேர்ந்து நடந்தே வர்றா. வேன் அவளைத் தாண்டித்தான் போச்சு, சேத்தை வாரி அடிச்சுக்கிட்டு. வண்டியில ஏறுன்னேன். 'உனக்குப் பயமில்லையா?'ன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னே தெரியல. வீட்டுல இறக்கி விட்டுட்டு வந்தேன்."

வெத்தூரியா சோளக்களியைத் தட்டில் கவிழ்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. "நான் குரூப்ல சொல்லிடப் போறேன்" என்றாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னும் கொஞ்ச மாசத்துல மாத்திரை முடியும், நீ பாட்டுக்கு வேலைக்குப் போவே. இத்தாலியிலேர்ந்து வந்தவளாப் போ. யாருக்கும் தெரியாது."

"உனக்குப் பயமில்லையான்னு அவ கேட்டாளே, நீ பதில் சொல்லியிருக்கலாமே. என் பொண்டாட்டிக்கு இருக்கு, என் உடம்புலயும் அது தூங்குது, நானும் மாத்திரை சாப்பிடறேன்னு."

கிரிகோரே தலையைக் குனிந்துகொண்டு களியைப் பிட்டான். அவனுக்கு ரத்தப் பரிசோதனையில் உறங்கும் கிருமி இருப்பது தெரிந்து, வாரம் ஒருமுறை மாத்திரை சாப்பிட்டு வந்தான். ஒயின் ஆலையில் ஒருவனுக்கும் தெரியாது. "ஊரைப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்றான். "ஊர் வாயை மூட உலைமூடி ஏது?"

"மூட வேணாம். தப்பான ஆளைப் பேசறதையாவது நிறுத்தலாம்."

மறுநாள் மத்தியானம் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். இரண்டு தடவை பாதியில் விட்டாள். முதல் தடவை பேரைச் சொன்னதோடு நின்றுவிட்டது. அடுத்த தடவை பக்கத்து வீட்டு வான்கோழி கத்திக் கெடுத்தது. மூன்றாவது தடவை அது கத்தினாலும் கத்தட்டும் என்று பேசினாள்.

"நான் வெத்தூரியா பேசறேன். நான் இத்தாலியில இல்ல. போகவும் இல்ல. இங்கதான், என் வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கேன். பேரன் பொறந்தது நெசம், நான் இன்னும் அவனைத் தூக்கல. எனக்குத்தான் காசநோய். யாஷ் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இப்ப தினம் மாத்திரை சாப்பிடறேன். சளியில கிருமி இல்லைன்னு சொல்லிட்டாங்க, இனி என்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது. மெசேஜ்ல வந்த ஆளு நான்தான். புரோஃபிரா இல்ல. அவ இருமறது அவ குடிக்கிற சிகரெட்டுக்கு, அது உங்க எல்லாருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது தப்பு. புரோஃபிரா, உங்கிட்டத்தான் சொல்றேன், மன்னிச்சிக்கோ.

இன்னொண்ணு. நான் இருமின காத்தைத்தான் நீங்க எல்லாரும் மாசக்கணக்கா சுவாசிச்சீங்க. ஜன்னலைத் தொறந்தா நூல் பறக்குதுன்னு மூடி வெச்சதும் நம்மதான். அதனால போய் ரத்தம் குடுங்கடி. கிருமி தூங்கிட்டிருந்தா நீங்க நோயாளி இல்ல, யாருக்கும் ஒட்டாது. என் புருஷனுக்கும் அப்படித்தான் இருக்கு. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, ஒரு குளிர்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். முழிச்சிக்கிச்சுன்னா என்ன ஆகும்னு என்னை வந்து பாருங்க. என் பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. யாரு முதல்ல போறதுன்னு பயப்பட வேணாம். முதல் ஆளு நான் போயிட்டு வந்தாச்சு."

விரலை எடுத்ததும் செய்தி போய்விட்டது. புருஷன் பெயரையும் சேர்த்து இழுத்துவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. அழிக்க விரல் போயிற்று. அதற்குள் நீலக் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன.

ஒருத்தியும் பதில் எழுதவில்லை. மீசை வரைந்தவர்கள், தொப்பி மாட்டியவர்கள், எல்லாரும் கப்சிப். ஒருத்தி குழுவைவிட்டு வெளியேறினாள், பின்னாலேயே இன்னொருத்தி. பொழுது சாயும் நேரத்தில் ஒத்தீலியாவிடமிருந்து ஒரே வரி வந்தது: 'அதான் மணிச் சத்தம் நம்ம ஊர் மாதிரியே இருந்துச்சு.' சற்றுப் பொறுத்து இன்னொன்று: 'களியாவது ஒழுங்காத் தின்னுடி.' வெத்தூரியா அதைப் படித்துவிட்டு அழுதாள், வெகுநேரம்.

கிரிகோரேயிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். "என்னையும் சொல்லிட்டியா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"தவறி வந்த மாதிரி தெரியலையே" என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். ஆனால் ஒயின் ஆலையில் யாரோ கேட்டபோது, "ஆமா, சாப்பிடறேன். உனக்கு வேணும்னா நீயும் போய்ப் பாத்துக்க" என்று அவனே சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருபவர்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, வேலிக் கதவருகே புரோஃபிரா வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாயில் சிகரெட் புகைந்தது.

"இத்தாலி எப்படி இருக்கு?" என்றாள்.

வெத்தூரியா கதவருகே போய் நின்றாள். "உள்ள வா புரோஃபிரா."

"வரமாட்டேன். நிக்க வெச்சே நாலு கேள்வி கேட்டுட்டுப் போறேன். என் மெஷினைக் கதவோரம் தள்ளினாளுங்களே, அது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"ரெண்டு வாரம்! குழந்தை படத்துக்குக் கன்னத்தைக் கிள்ளற பொம்மை போட்டேனே நான், அதுக்கு நன்றின்னு எழுதினியே. அப்பவும் தெரியும்."

"அப்பவும் தெரியும்."

"என் பையன் பெண்டாட்டி, பிள்ளையை என் மடியில குடுக்க மாட்டேன்னுட்டா. அவளுக்கும் தெரிஞ்சு போச்சு, கம்பெனியிலேர்ந்து எவளோ போய்ச் சொல்லியிருக்கா." புரோஃபிராவின் குரல் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் நடையை மெதுவாக்கினார்கள். "என்னங்க பாக்கறீங்க? இங்க என்ன கரடியா ஆடுது? போங்க!"

அவர்கள் போனார்கள். அவள் கடைசிப் புகையை இழுத்து, சிகரெட்டைக் காலால் நசுக்கினாள். இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை வெத்தூரியா காத்திருந்தாள்.

"திட்டிட்டியா? இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு."

"உள்ள உக்காந்து திட்டு. குளிருது."

புரோஃபிரா யோசித்தாள். பிறகு உள்ளே வந்தாள், கோட்டைக் கழற்றாமலே. அடிப்பிடித்த தொக்கை ரொட்டியில் தடவி வைத்ததை ஒரு கடி கடித்துவிட்டு, "இதையா ஊருக்கெல்லாம் பெருமையாச் சொல்லுவே?" என்றாள். ஆனால் தின்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வெத்தூரியாவும் கேட்கவில்லை.

"அந்த லிங்க்கு எங்கடி இருக்கு?" என்று கைப்பேசியை நீட்டினாள். "கோவத்துல நான் அழிச்சிட்டேன்."

வெத்தூரியா தனக்கு வந்த செய்தியை அவளுக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து நாள் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலைத் திரையில் வந்த யுஸ்தினாவுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, வாசல்ல வேன் வந்து நிக்குது! ஒத்தீலியாம்மா ஷிப்டையே கூட்டிட்டு வந்துட்டாங்க. ஊசி பத்தாது போலிருக்கு. நீங்க சட்டுனு மாத்திரையைப் போடுங்க, நான் ஓடணும்!"

எல்லாரும் போகவில்லை. குழுவைவிட்டு வெளியேறிய இருவர் கடைசிவரை வரவேயில்லை. அவர்களில் ஒருத்தி பிற்பாடு வெத்தூரியாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது எதிர்ப்புறம் கடந்து போனாள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. சிலருக்குக் கிருமி உறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒத்தீலியாவும் உண்டு, புரோஃபிராவும் உண்டு. ஒரே ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. இருமாதவள், யாரும் சந்தேகப்படாதவள். சீக்கிரமே பிடித்துவிட்டதால் நல்லபடியாக முடியும் என்று டாக்டர் சொன்னார். அவளை யாஷுக்கு வண்டியில் ஏற்றியபோது, காலர் கூடத்துப் பெண்கள் கோழி வறுவலும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

புரோஃபிரா மாத்திரைக்கும் லேசில் ஒப்பவில்லை. "சீக்காளியே இல்லைங்கறீங்க, பின்ன எதுக்கு மருந்து?" என்று மையத்தில் ஒரு மூச்சு வாதாடினாள். கடைசியில் மருமகளுக்காகச் சாப்பிட்டாள். முதல் மாத்திரை போட்ட அன்று மத்தியானமே வெத்தூரியாவுக்குக் கூப்பிட்டுக் கத்தினாள். "ஏண்டி, ஒண்ணுக்கு ஆரஞ்சுப் பழச்சாறு மாதிரி போகுதே! சாகப்போறேனா?"

"சாகமாட்டே. எனக்கும் அப்படித்தான் போச்சு. மாத்திரைச் சாயம்."

"இதை அந்த மெசேஜ்ல போட்டா என்ன? அங்க நுரையீரல் பல்லைக் காட்டுது, இதைச் சொல்ல மாட்டாளுங்க."

வெத்தூரியா அதை யுஸ்தினாவிடம் சொன்னாள். அடுத்த செய்தியில் அது சேர்ந்தது. அதற்கடுத்ததில், முதலில் வருபவருக்குத்தான் நோய் என்று யாரும் எண்ண வேண்டாம், அதனால் எல்லாருக்கும் ஒரே நாள் குறித்திருக்கிறோம் என்று ஒரு வரியும் சேர்ந்தது. யுஸ்தினா எழுதியதை முதலில் வெத்தூரியாவுக்கு வாசித்துக் காட்டுவாள். "இப்படிச் சொன்னா யாராவது வருவாங்களா அக்கா?" என்று கேட்பாள். "மாட்டாங்க. கவர்மெண்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்று இவள் சொன்னால், முனகிக்கொண்டே மாற்றி எழுதுவாள்.

வசந்தத்தில் சிகிச்சை முடிந்தது. வெத்தூரியா பாதுவாவுக்கு உண்மையாகவே போய்ப் பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தாள். ஆலையில் அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள்; பொத்தான் கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அவளைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திக்கொண்டவர்களும் உண்டு, எழுந்து கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஒருநாள் யுஸ்தினா அவளை மையத்துக்கு வரச்சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு பால் பண்ணையில் இதே கதையாம். செய்தி போகிறதாம், ஆள் வரவில்லையாம். "அன்னிக்கு நீங்க பேசினீங்களே, அதே மாதிரி அவங்களுக்கும் பேசிக் குடுப்பீங்களா? பேரு வேணாம். குரல் போதும்."

"பேரோடவே சொல்றேன்" என்றாள் வெத்தூரியா. "பேரில்லாத குரலை யாரு நம்புவா?"

அந்தக் குரல்பதிவு போய்ச் சில நாள் கழித்து, வேலை முடிந்து வந்து அவள் புளிச்சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு பெண் தணிந்த குரலில் கேட்டாள்:

"அந்த ரெக்கார்டுல பேசினது நீங்கதானா? உங்க நம்பரை அந்த நர்சம்மாகிட்டக் கெஞ்சி வாங்கினேன். உங்களைக் கேட்டுட்டுத்தான் குடுத்தாங்களாம். எனக்கு ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாது."

வெத்தூரியா கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான்மா. உன் பேரு என்ன? சரி, பேரு வேணாம், விடு. விஷயத்தைச் சொல்லு."